மூடிய கதவும் நீட்டிய கையும்

ஆத்திசூடியை அரிவரி வகுப்பிலேயே பாடமாக்கி விடுகிறோம். பாடமாகிப் போனதை யாரும் திரும்ப வாசிப்பதில்லை. உயிரெழுத்து வரிசையில் 'ஏ' வரும் இடத்தில், பிறரிடம் கேட்டு வாங்குவது இழிவு என்கிறார் ஔவையார். அடுத்த எழுத்து 'ஐ'. அங்கே, இல்லாதவருக்கு இட்டுவிட்டுச் சாப்பிடு என்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். கேட்பது இழிவென்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு இட்டுவிட்டு நாம் உண்பது? கொடுக்கிறவருக்கு நன்மை, வாங்குகிறவருக்கு வெட்கம் என்று ஒரே கொடுக்கல் வாங்கலை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இந்த ஏற்பாடு ஔவையாரோடு தொடங்கியதும் அல்ல, அவரோடு முடிந்ததும் அல்ல. நம்முடைய பள்ளிவாசல்களின் வாசலில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

யாசகத்தைப் பற்றித் தமிழ் இலக்கியம் சொன்னதையெல்லாம் பட்டியல் போடுவது என் நோக்கமல்ல. கொடுக்கிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட இலக்கியத்தில் வாங்குகிறவர் எங்கே நிற்கிறார், தெருவில் அவரைப் பார்க்கிற நம் கண் எங்கேயிருந்து வந்தது என்பதைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் 'இரவு' 106ஆம் அதிகாரம், 'இரவச்சம்' 107ஆம் அதிகாரம். முதலாவது, கேட்கத் தகுந்தவரிடம் கேட்கலாம் என்கிறது. அடுத்தது, கேட்கவே அஞ்சு என்கிறது. வள்ளுவர் இங்கே தடுமாறுகிறார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இரவு' அதிகாரத்தின் பிற்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். இரப்பவர் இல்லாவிட்டால் இந்தப் பெரிய உலகம் மரப்பாவை ஆடுவது போலாகிவிடும் என்கிறார். வாங்க ஆளில்லாவிட்டால் கொடுப்பவருக்கு ஏது புகழ் என்றும் கேட்கிறார். ஆக, இரப்பவர் தேவைப்படுவது கொடுப்பவரின் பெயருக்காக. ஆனால் அதே வள்ளுவர் அடுத்த அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்று விதி இருந்தால் அந்த விதியை எழுதியவனே அலைந்து கெட்டுப் போகட்டும் என்று வெடிக்கிறார். முஸ்லிம் வாசகனுக்கு நாக்குக் கூசுகிற இடம் அது. வகுப்பில் படிப்பிக்கும்போது நானும் ஒரு கணம் நின்றுதான் போவேன். என்றாலும் அந்தக் கோபம் இரப்பவன் மேல் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்முடைய தெருவில் கோபம் எப்போதும் கை நீட்டுகிறவர் மேலேதான் விழுகிறது.

கொடுப்பவருக்கு இரப்பவர் தேவை என்பதை மணிமேகலை ஒரு கதையாகவே ஆக்கிவிட்டது. ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. பசித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து உண்கிறார்கள். இந்திரன் பொறாமைப்பட்டு அவனைத் தண்டிக்கிறான். எப்படித் தண்டிக்கிறான்? மழையைப் பெய்யவைத்து. நாடு செழிக்கிறது, பசி போகிறது, ஆபுத்திரனைத் தேடி வர ஆளில்லை. அவன் ஊரூராகப் போய், 'சாப்பிட யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டு அலைகிறான். மக்கள் அவனைப் பார்த்து இகழ்கிறார்கள். கடைசியில் பஞ்சம் இருக்கிற சாவக நாட்டைத் தேடிக் கப்பலேறி, ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து இறக்கிறான். கொடுப்பவனே பிச்சைக்காரன் போல வாசல் வாசலாக அலைகிற இந்தக் காட்சி தமிழில் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாக இல்லை. ஊரெல்லாம் வயிறு நிறைந்திருப்பதைத் தண்டனையாக உணர்கிற ஒரு நல்லவன்! ஆபுத்திரனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் மட்டும் தின்று உயிர் வாழ மறுத்தவன். நோன்பு மாதத்தில் 'இந்த முறை ஆக்கள் குறைவா வந்திருக்காங்க' என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லும் கடை முதலாளிகளைக் கேட்கும்போது எனக்கு அவன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய பாட்டு. பாணன் ஒருவன் பரிசு வாங்கிக்கொண்டு வருகிறான். எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு, முன்பு தன் வீடு எப்படிக் கிடந்தது என்று சொல்கிறான். கூரை சிதைந்த அடுக்களை. அங்கே ஈன்று கிடக்கிற நாய். கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வர, வலி தாங்காமல் குரைக்கிறது. சுவரில் கறையான், காளான். பசியால் மெலிந்த மனைவி குப்பையிலே முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். வேகவைத்ததும் அவள் செய்கிற முதல் வேலை, கதவைச் சாத்துவது. அறியாத மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கம். கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சேர்ந்து அதை உண்கிறாள். பல்கலைக்கழகத்தில் இந்தப் பகுதியை வறுமை வருணனைக்கு உதாரணமாகப் படித்தோம். நாயையும் காளானையும் விரிவாக எழுதினோம். கதவை ஒரு வரியில் கடந்து போனோம். ஆனால் பாட்டின் உயிர் அந்தக் கதவில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஏனென்றால் அல்குர்ஆனும் அந்தக் கதவின் முன்னால் வந்துதான் நிற்கிறது. ஸூறா அல்பகராவின் 273ஆம் வசனம், யாருக்குச் செலவிட வேண்டும் என்று சொல்லும்போது, கேட்காமல் ஒதுங்கியிருப்பதால் அறியாதவர்கள் செல்வந்தர் என்று நினைத்துவிடக் கூடிய ஏழைகளைக் காட்டுகிறது. அவர்கள் மக்களிடம் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள், அவர்களின் அடையாளத்தைக் கொண்டு நீர் அவர்களை அறிந்துகொள்வீர் என்கிறது. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த ஸுஃப்பாத் தோழர்களோடு இந்த வசனத்தை விரிவுரையாளர்கள் தொடர்புபடுத்துவார்கள். புஹாரியில் வருகிற ஹதீஸ் இதை இன்னும் வெட்டவெளிச்சமாக்குகிறது. ஒரு கவளத்துக்கும் இரண்டு கவளத்துக்கும், ஒரு பேரீச்சம்பழத்துக்கும் இரண்டுக்கும் வாசல் வாசலாகச் சுற்றுபவர் மிஸ்கீன் அல்லர்; போதுமானது இல்லாமல், பிறர் கண்ணில் படாமல், எழுந்து போய்க் கேட்காமலும் இருப்பவரே மிஸ்கீன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். நத்தத்தனார் 'அறியாதவர்கள்' என்று சொன்ன அதே ஆட்களை வசனமும் 'அறியாதவர்' என்றுதான் அழைக்கிறது. கேட்காதவரின் வறுமையைத் தெரிந்துகொள்ள முடியாதவர் அறியாதவர். குறை பார்க்கிறவருடையது, ஏழையுடையது அல்ல.

ஆனால் இதை வைத்துக்கொண்டு கேட்கிறவரைத் தள்ளிவிடவும் வழியில்லை. ஸூறா அள்ளுஹா, கேட்பவரை விரட்டாதே என்கிறது. ஸூறா அத்தாரியாத்தும் அல்மஆரிஜும் செல்வத்தில் உரிமை உள்ளவர்களாக இரண்டு பேரைச் சேர்த்தே சொல்கின்றன: கேட்பவர், கேட்காமல் விடுபட்டுப் போனவர். இருவருக்கும் இருப்பது உரிமை. நம் பயான்களில் 'மேல் கை கீழ் கையைவிடச் சிறந்தது' என்பது ஆயிரம் தரம் சொல்லப்படுகிறது. கீழ்க்கையின் சொந்தக்காரருக்கு மேல்கையின் பணத்திலே பங்கு உண்டு என்பது எத்தனை தரம் சொல்லப்படுகிறது?

இங்கே நம் மொழியில் நடந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 'பக்கீர்' என்ற சொல் தமிழ் முஸ்லிம்களிடம் இரண்டு அர்த்தத்தில் வாழ்ந்தது. ஒன்று, உலகைத் துறந்த ஞானி. குணங்குடி மஸ்தான் சாகிபு குடும்ப வாழ்வை விட்டு அப்படி வாழ்ந்தவர். அவருடைய பாடல்களை மதம் பார்க்காமல் தமிழர்கள் பாடினார்கள். மற்றது, வாசலில் வந்து நிற்கிறவர். கிஸ்ஸாவும் மசலாவும் முனாஜாத்தும் அச்சேறிய பிறகும், எழுத்துத் தெரியாத நம் மூத்தம்மாமாரின் காதுக்கு அவற்றைக் கொண்டு வந்து சேர்த்தது பக்கீர்மாரின் குரல்தான். அதற்கு நெல்லோ அரிசியோ காசோ கொடுக்கப்பட்டது. அது பிச்சையா, பாட்டுக்கான கூலியா என்று அந்தக் காலத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் பகுதிகளில் நோன்பு காலத்தில் றபானைத் தட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பாவாமார் பெருநாளையொட்டி வீடு வீடாக வந்தார்கள். வாசலில் நின்று கேட்பார்கள்; யாரும் முகம் சுளித்ததில்லை. கைத்தொலைபேசியில் அலாரம் வந்தது. இன்னொரு பக்கத்தால் பாவாமாரின் பாட்டு மார்க்கத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியின் சரிபிழைக்குள் நான் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான்: பாட்டுப் போனதும் கை மட்டும் மிஞ்சியது. ஞானியின் மரியாதையைக் கழித்துவிட்டால் பக்கீர் என்ற சொல்லில் மீதி இருப்பது வசைதான். 'மிஸ்கீன்' என்பதற்கும் அதே கதி. அல்குர்ஆனில் உரிமைக்காரரின் பெயராக இருக்கும் சொல் நம் வீட்டுப் பேச்சில் 'மிஸ்கீன் மாதிரி நிக்காத' என்று பிள்ளையை ஏசுகிற சொல்லாகிவிட்டது.

ஆங்கிலேயரின் சட்டமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்த்தது. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், உழைக்கக் கூடியவர் உழைக்காமல் தெருவில் கை நீட்டினால் குற்றம் என்றது. மதகுருமாருக்கும் நேர்த்திக்காகப் போகும் யாத்திரிகருக்கும் மட்டும் விலக்கு. சமயத்துக்காக நீட்டிய கை புனிதம், பசிக்காக நீட்டிய கை குற்றம். 1907ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படிப்பட்டவர்களை அடைத்துவைக்கத் தடுப்பு இல்லங்களை அமைத்தது. மணிமேகலை இதைத் தலைகீழாகச் செய்தவள். சோழ அரசன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சிறைச்சாலையை அறச்சாலையாக்கித் தரும்படி கேட்டு வாங்கி, உள்ளே கிடந்தவர்களுக்குச் சோறு போட்டாள். அந்தக் காதையின் பெயரே அதுதான். காப்பியம் படித்த நாட்டில், சோறில்லாதவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரையும் உறுத்தாமல் இருந்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். சாம்பல்தீவிலிருந்து ரவுணுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வாரம் போய் வந்தால் போதும், யாசகம் பற்றிய நம் அபிப்பிராயங்கள் அத்தனையையும் கேட்டுவிடலாம். 'கை கால் நல்லாத்தானே இருக்கு, வேலை செய்யலாம்தானே.' 'குடுத்தா குடிக்கத்தான் போவான்.' 'இவங்களுக்குப் பின்னால ஒரு கூட்டமே இருக்கு.' 'பேங்க்ல நம்மளவிடக் காசு வச்சிருப்பாங்க.' தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மற்றெல்லாவற்றிலும் பிரிந்து நிற்கிற ஒரு பஸ், இந்த நான்கு வசனத்தில் மட்டும் ஒன்றாகிவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல் வாசலில் கண்ட முகத்தைப் பின்னேரம் காளி கோயில் வாசலிலும் காணலாம். அவரும் மதம் பார்ப்பதில்லை. பார்த்தால் கட்டுபடியாகாது.

பிச்சைக்காரரின் மூட்டைக்குள் இலட்சக்கணக்கில் காசு இருந்ததாகப் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். அதில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்க்கிறது அந்தச் செய்தி புழங்குகிற விதத்தை. ஊர், பெயர், தொகை மாறிக்கொண்டே இருக்கும், கதை மாறாது. ஒரு நாட்டார் கதைக்கு உரிய எல்லா இலக்கணமும் அதற்கு உண்டு. அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் சட்டைப்பைக்குப் போன கை திரும்பி வந்துவிடும். கதையின் வேலையும் அதுதான்.

எனக்கு ஆச்சரியம், இது திருகோணமலையில் நடப்பதுதான். இந்தக் கரையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் வரிசையில் நிற்காதவர் எத்தனை பேர்? 1985இலும் 1990இலும் ஊரை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் நிலாவெளிக் கரையைத் தாண்டி வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தார்கள். பாடசாலைக் கட்டடங்களில் பாய் விரித்துப் படுத்து, கோப்பையைப் பிடித்துக்கொண்டு பருப்புக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றோம். கடைக்காரர், அதிபர், மரைக்காயர் எல்லாரும் ஒரே வரிசை. அப்போது நம்மிடம் யாரும் 'வேலை செய்யலாம்தானே' என்று கேட்கவில்லை. ஏனென்றால் அதற்கு வேறு பெயர் இருந்தது: நிவாரணம். கை அதே கை, பருப்பு அதே பருப்பு, சொல் மட்டும் வேறு. நிவாரணம் என்றால் உரிமை, உலருணவு என்றால் உரிமை, மானியம் என்றால் உரிமை. முதலாளிக்கு வரி குறைத்தால் அதற்குச் சலுகை என்று பெயர். தனியாளாக, அட்டையில்லாமல், பட்டியலில் பெயரில்லாமல் ஒருவர் கேட்டால்தான் அது பிச்சை. இடப்பெயர்வைப் பற்றி நாம் எத்தனையோ கவிதைகள் எழுதிவிட்டோம். வீடு போனது, தென்னை போனது, கடற்கரை போனது எல்லாம் அவற்றில் வந்துவிட்டன. கோப்பை பிடித்து நின்ற வெட்கம் மட்டும் வரவில்லை. அதை எழுதியிருந்தால் பஸ் நிலையத்தில் நிற்கிறவரைப் பார்க்கிற நம் கண் வேறுமாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. 2021இல் 13.1 வீதமாக இருந்த இலங்கையின் வறுமை 2022இல் 25.6 வீதமானதாக உலக வங்கி மதிப்பிட்டது. ஒரே வருடத்தில் இரட்டிப்பு. 2023இல் அஸ்வெசும வந்தது. அப்போது மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை நான்கு படிகள் இருந்தன. பட்டியல் வெளிவந்ததும் பிரதேச செயலகங்களில் மேன்முறையீட்டுக்காக நின்ற கூட்டத்தை எல்லாரும் பார்த்தோம். கணக்கெடுக்க வருகிறவர் ஓட்டு வீட்டையும் மின்சாரப் பட்டியலையும் பார்ப்பார். உப்பில்லாத கீரையை அவர் எப்படிப் பார்ப்பது? கதவு சாத்தியல்லவா இருக்கிறது.

இப்போது மாளிகாவத்தை. 2020 மே 21, நோன்பின் கடைசி நாட்கள், கொழும்பில் கொரோனா ஊரடங்கு. வர்த்தகர் ஒருவர் ஆளுக்கு 1,500 ரூபா கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பெண்கள் திரண்டார்கள். நெரிசலில் மிதிபட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். அந்த வாரம் நம் சமூகத்தில் நடந்த வாதங்களை நினைவிருக்கும். ஊரடங்கை மீறியது பிழை, கூட்டம் சேர்த்தது பிழை, ஊடகங்கள் நம்மைக் காட்டிக்கொடுத்தன, சமூகத்துக்கு அவப்பெயர். எல்லாம் பேசினோம். 1,500 ரூபாவுக்காக ஊரடங்கில் வெளியே வருகிற வீட்டில் அன்று அடுப்பு எப்படி இருந்திருக்கும் என்று பேசியவர்கள் குறைவு.

இது நம் நாட்டோடு நிற்பதும் அல்ல. 2023 நோன்பில் மட்டும் இரண்டு. மார்ச் 31இல் கராச்சியில் தொழிற்சாலையொன்றில் ஸகாத் வாங்கப் போன பெண்களும் பிள்ளைகளும் பத்துக்கு மேல் இறந்தார்கள். ஏப்ரல் 19 இரவு யெமனின் ஸன்ஆவில் ஆளுக்கு 5,000 றியால், பத்து டொலர் கூடத் தேறாத தொகை, வாங்கப் போய் எழுபத்தைந்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். முஸ்லிம்களின் குணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் அரசாங்கத்தின் வெள்ள நிவாரண வரிசையில் 42 பேர் மிதிபட்டு இறந்தார்கள். ஆனால் ஸகாத் வரிசையில் சாவு நடக்கும்போது நமக்குக் கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது. ஸகாத் வாங்குகிறவர் வரிசையில் வர வேண்டும் என்று எங்கே இருக்கிறது? உரிமைக்காரரைத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டிய ஒன்றை, அவர் வந்து கேட்டு வாங்குகிற ஒன்றாக மாற்றியது யார்? நோன்பு பதினைந்து தாண்டியதும் கடைகளில் தாள் காசை மாற்றி அடுக்கி வைக்கிறோம். தூர ஊர்களிலிருந்து பெண்கள் பிள்ளைகளோடு பஸ் ஏறி வருகிறார்கள். ஆளுக்கு ஐம்பது, நூறு. ஒரு நாள் முழுக்க வெயிலில் நடந்தால் ஒரு தொகை சேரும். கேட்காதவராக, கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஒருவரைக் கேட்பவராக்கித் தெருவுக்கு இழுத்து வருவது நாம் கொடுக்கிற முறைதான். இழுத்து வந்துவிட்டு, 'நம்மட பொம்புளைகள் இப்படி ரோட்டுல அலையுறாங்களே' என்றும் நாமே சொல்கிறோம். போதாததற்குப் புகைப்படம் வேறு. பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவர்கள் ஏழு பேர் பிடித்திருப்பார்கள், மறுமுனையைப் பிடித்திருக்கும் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் ஸதகாவைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா சொல்வதை அந்தப் படத்துக்குக் கீழே போட்டால் சரியாக இருக்கும்.

யாசகத்துக்கு எதிராக நம்மிடம் அதிகம் சொல்லப்படுவது அபூதாவூதில் வரும் கோடரிச் சம்பவம். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அது வேறு விடயம். சொல்லப்படுகிற விதத்தைப் பார்ப்போம். அன்ஸாரி ஒருவர் கேட்டு வந்தார், நபியவர்கள் கோடரி கொடுத்து விறகு வெட்ட அனுப்பினார்கள், ஆகவே பிச்சை எடுக்காமல் உழை. இப்படிச் சுருக்கிச் சொல்லும்போது விடுபடுவதுதான் முக்கியம். நபியவர்கள் முதலில் கேட்டது, உன் வீட்டில் ஒன்றும் இல்லையா என்று. அதாவது கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் பாத்திரமும் இருக்கிறது என்றார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றில் குடும்பத்துக்குச் சாப்பாடு, பசி முதலில். மற்றதில் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள். சபையில் இருந்தவர்களையும் அந்த ஏலத்தில் பங்குகொள்ள வைத்தார்கள். 'போய் வேலை செய்' என்று சொல்கிற நம்மில் யார் பிடி போட்டுக் கொடுத்தோம்? அபூயூஸுபின் கிதாபுல் கராஜில் உமர் (ரலி) அவர்களைப் பற்றி வருவதும் இப்படித்தான். வாசலில் யாசித்த முதிய யூதரைக் கண்டு, என்ன காரணம் என்று கேட்டு, தம் வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொடுத்து, பிறகு பொதுநிதிக்குப் பொறுப்பானவரிடம் அனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனி என்றார்கள். இளமையில் அவரிடம் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்றும் சொன்னார்கள். கொடுத்ததோடு நிற்காமல், கேட்க வேண்டிய நிலைமையை நீக்கப் பார்த்தார்கள். பள்ளிவாசல் வாசலுக்கு வருகிற தமிழ் அம்மாவுக்கும் சிங்கள ஐயாவுக்கும் சில்லறை போடலாமா என்று சந்தேகம் கேட்கிறவர்கள் இதையும் வாசிக்கலாம்.

நவீன எழுத்து இந்த விடயத்தில் என்ன செய்திருக்கிறது? புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' தெருவோரத்தில் சாகிற பிச்சைக்காரனையும், பட்டணத்து நெரிசலில் அவனை நின்று பார்க்கிற ஒரு குழந்தையையும் காட்டியது. பெரியவர்கள் கடந்து போகிறார்கள், குழந்தை நிற்கிறது. அந்தக் கதையில் கருணை வழியவில்லை, அதனாலேயே அது நிற்கிறது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2003இல் வந்தபோது யாசகர்களை வைத்துப் பிழைப்பவர்களின் உலகத்தை உள்ளிருந்து திறந்தது. உடல் குறைபாடுள்ள மனிதர்களை 'உருப்படி' என்று எண்ணி விற்கிற வாங்குகிற கணக்கு அதில் வருகிறது. நாவலின் கோபம் விற்பவர் மேல். ஆனால் அதைப் படித்தவர்களும், அதை ஒட்டி 2009இல் வந்த 'நான் கடவுள்' படத்தைப் பார்த்தவர்களும் பஸ்ஸில் எடுத்துச் சொல்கிற பாடம் வேறு: 'பாத்தீங்களா, பின்னால கூட்டம் இருக்கு, குடுக்காதீங்க.' அடிமைச் சந்தையைக் காட்டினால் அடிமைக்குச் சோறு போடக் கூடாது என்று விளங்கிக்கொள்கிற வாசிப்பு இது. 2016இல் ஓடிய 'பிச்சைக்காரன்' படத்திலோ கோடீஸ்வரன் தாய்க்காக 48 நாள் பிச்சை எடுக்கிறான். பணக்காரன் விரதமாக எடுத்தால்தான் பிச்சைக்கும் ஒரு கதாநாயகன் கிடைக்கிறான். 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குப் பிரிவில் அவனுக்கும் இடம் இருந்திருக்கும்.

நம் முஸ்லிம் எழுத்தில் வள்ளல்கள் நிறைய. சீதக்காதி இறந்த பிறகும் கொடுத்ததாகச் சொல்லப்படும் கதை தமிழ் முழுக்கத் தெரியும். அந்தக் கதையில் வாங்கிய புலவனுக்கு அன்றிரவு வீட்டில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. நோன்பு இதழ்களில் வருகிற சிறுகதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே அச்சு தெரியும். இறுகிய ஹாஜியார் இருப்பார். ஓர் ஏழைத் தாய் வாசலில் வந்து நிற்பார். ஹாஜியார் விரட்டுவார், பிறகு ஒரு கனவோ விபத்தோ வரும், அவர் திருந்தி அள்ளிக் கொடுப்பார். கதை ஹாஜியாருடையது. அந்தத் தாய் அவர் திருந்துவதற்காக இரண்டு பக்கம் வந்து போகிற ஆள். ஆபுத்திரனுக்கு வாங்குகிறவர்கள் எப்படியோ அப்படி.

ஒன்பதாம் தரத்துக்கு 'ஒரு பிச்சைக்காரனின் சுயசரிதை' என்று கட்டுரை கொடுப்பது பழைய வழக்கம். குடை, நாணயம், பிச்சைக்காரன் என்று மூன்றுக்கும் ஒரே வகைக் கட்டுரைதான். பிள்ளைகள் எழுதுவது அநேகமாக இரண்டே கதை. ஒன்று, குடித்துச் சொத்தை அழித்தேன். மற்றது, பிள்ளைகள் கைவிட்டார்கள். இரண்டிலும் தவறு ஒன்று நடந்திருக்கும், அதனால் தண்டனை நியாயமாகிவிடும். ஒரு முறை ஒரு பையன் வேறுமாதிரி எழுதியிருந்தான். அவனுடைய ஆள் காலையில் கூலி வேலைக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளிக்கிடுகிறார். தன் ஊரின் பஸ் நிறுத்தத்தில் ஏறி, அடுத்த ஊரையும் தாண்டி, ஆளறியாத இடத்தில் இறங்குகிறார். பின்னேரம் திரும்பும்போது சில்லறையைக் கடையில் தாளாக மாற்றிக்கொள்கிறார், சம்பளம் என்று மனைவி கையில் கொடுப்பதற்காக. ஏன் தூர ஊருக்குப் போகிறார் என்று கேட்டேன். 'எங்கட ஊருக்குள்ள கேக்க ஏலாதே சேர், எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்' என்றான். அவன் சிறுபாணாற்றுப்படை படித்தவனில்லை. கதவை எப்படிச் சாத்துவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம்முடைய சிறுகதைக்காரர்கள் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறார்கள். மாளிகாவத்தைக்குப் பிறகு கண்டனம் வந்தது, அறிக்கை வந்தது, நெரிசலைத் தவிர்க்கும் வழிமுறைகள் பற்றிக் கட்டுரைகள் வந்தன. அன்று காலை அந்தப் பெண்களில் ஒருவர் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது பிள்ளைகளிடம் எங்கே போவதாகச் சொன்னார், கதவைச் சாத்திவிட்டு வந்தாரா, திறந்து போட்டுவிட்டு வந்தாரா என்று எழுதப்பட்ட ஒரு கதை இதுவரை என் கண்ணில் படவில்லை.